கடத்தியவர் ஒப்புக்கொண்டும் முடியாத வழக்கு

1977 நவம்பர் 15. ஜப்பானின் மேற்குக் கரையில் உள்ள நீகாட்டா நகரம். பள்ளி முடிந்து பேட்மிண்டன் பயிற்சிக்கு நின்ற 13 வயது மெகுமி யோகோட்டா, இருட்டிய பிறகு தோழிகளோடு வீட்டுக்குக் கிளம்பினாள். வழியில் ஒவ்வொருத்தியாகப் பிரிந்துபோக, கடைசித் தூரத்தைத் தனியாக நடந்தாள். வீடு வந்து சேரவில்லை.

ஏழு மணியாகியும் மகளைக் காணோமே என்று அம்மா சாகியே பள்ளிக்கு ஓடினார். உடற்பயிற்சிக் கூடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, உள்ளே பெண்களின் சத்தம் கேட்டது. அப்பாடா, இன்னும் விளையாடிக்கொண்டுதான் இருக்கிறாள் என்று எட்டிப் பார்த்தால், அங்கே மாணவிகளின் அம்மாக்கள் வாலிபால் ஆடிக்கொண்டிருந்தார்கள். மாணவிகள் எப்போதோ போய்விட்டார்கள். அன்றிரவே போலீஸ் வந்தது. மோப்ப நாய்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருமுனைவரை போய் அங்கேயே நின்றுவிட்டன. அந்தத் தெருமுனையிலிருந்து கடல் கூப்பிடு தூரம்.

அப்பா ஷிகேரு ஜப்பான் மத்திய வங்கியில் அதிகாரி. பணத்துக்காகக் கடத்தியிருப்பார்கள் என்று போலீஸ் வீட்டுத் தொலைபேசியின் பக்கத்திலேயே காத்திருந்தது. யாரும் கூப்பிடவில்லை. காலணி, பை, மட்டை என்று எதுவும் கிடைக்கவில்லை. அடுத்த இருபது வருடம் யோகோட்டா குடும்பத்துக்கு ஒரு தகவலும் வரவில்லை.

இன்று இந்தக் கதையைச் சொல்லும் எல்லோரும் "வட கொரியா கடத்தியது" என்ற வரியில் முடித்துவிடுகிறார்கள். அந்த வரி உண்மைதான். 2002-ல் வட கொரியத் தலைவரே வாயால் ஒப்புக்கொண்டார். ஆனாலும் வழக்கு முடியவில்லை. ஒப்புக்கொள்வதற்கு முன் இருபத்தைந்து வருடம் இது ஏன் வெளியே வரவில்லை, ஒப்புக்கொண்ட பின் இத்தனை வருடம் ஏன் முடியவில்லை என்று இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதலாவதற்கான பதில் பெரும்பாலும் ஜப்பானுக்குள்ளேயே கிடைக்கிறது என்பதுதான் உறுத்துகிறது.

மெகுமி காணாமல் போன அடுத்த கோடையைப் பாருங்கள். 1978 ஜூலை 7, ஃபுகுய் மாநிலத்தின் ஒபாமா ஊர். திருமணம் நிச்சயமான யசுஷி சிமுரா, ஃபுகியே ஹமமோட்டோ இருவரும் மாலையில் காரில் வெளியே போனார்கள், திரும்பவில்லை. ஜூலை 31, நீகாட்டா மாநிலத்தின் கஷிவசாகி. விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்த கல்லூரி மாணவர் கவோரு ஹசுய்கேவும் அவருடைய தோழி யுகிகோ ஒகுடோவும் கடற்கரைக்குப் போனார்கள். ஹசுய்கேயின் சைக்கிள் நூலகத்தில் நின்றது, ஆட்களைக் காணோம். ஆகஸ்ட் 12, தெற்குக் கோடியில் ககோஷிமா. சூரிய அஸ்தமனம் பார்க்கப்போன இன்னொரு ஜோடி. பூட்டிய கார் அப்படியே நின்றது, கேமராவும் அதற்குள்ளேயே இருந்தது. அதே ஆகஸ்ட் 12, சாடோ தீவு. 19 வயது ஹிட்டோமி சோகாவும் அவருடைய அம்மாவும் கடைக்குப் போய்த் திரும்பும் வழியில் மறைந்தார்கள்.

ஒரு பையனும் பெண்ணும் சேர்ந்து காணாமல் போனால் நம் ஊரில் முதலில் என்ன சொல்வார்கள்? ஓடிப்போய்விட்டார்கள். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள். இரண்டு பேரும் வயது வந்தவர்கள். வீட்டில் சம்மதம் வாங்கி, தேதி குறித்தவர்கள் எதற்காக ஓட வேண்டும் என்று பெற்றோர் கேட்டார்கள், அதற்குமேல் அவர்களாலும் எதையும் காட்ட முடியவில்லை. சடலம் இல்லை, மிரட்டல் இல்லை, சாட்சி இல்லை. குற்றம் நடந்ததற்கே ஆதாரம் இல்லாத ஒன்றை எந்தக் காவல் நிலையமும் ஓரமாகத்தான் வைக்கும்.

அதோடு ஜப்பானில் காவல் துறை மாநிலவாரியாக இயங்குகிறது. ஃபுகுய் கோப்பு ஃபுகுயில், ககோஷிமா கோப்பு ககோஷிமாவில். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு குடும்ப விவகாரம். நாலையும் ஒரே மேசையில் பரப்பி, எல்லாமே கடற்கரை, பெரும்பாலும் இளம் வயது, எல்லாமே கோடை அந்தி என்று பார்க்க வேண்டிய மேசை எங்கேயும் இல்லை.

இவ்வளவுக்கும் ஒரு தவறிய முயற்சி நடந்திருந்தது. ஆகஸ்ட் 15, டொயாமா மாநிலத்தின் டகவோகா கடற்கரை. குளித்துவிட்டுத் திரும்பிய ஓர் இளம் ஜோடியைச் சில ஆண்கள் மடக்கி, வாயில் ரப்பர் அடைப்பைத் திணித்து, கையைக் கட்டி, ஆளுக்கொரு பெரிய துணிப்பைக்குள் போட்டார்கள். பெண் முனகியபோது அவர்களில் ஒருவன் ஜப்பானிய மொழியில் "அமைதியாக இருங்கள்" என்றான். அடித்துக் கட்டிப்போடுகிறவன் வகுப்பறை மரியாதையோடு பேசியிருக்கிறான், புத்தகத்தில் மொழி படித்தவனைப் போல. எங்கோ ஒரு நாய் குரைக்க, அவர்கள் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். விட்டுப்போன பொருள்கள் ஜப்பான் கடைகளில் கிடைக்கிற ரகமே இல்லை. உயிரோடு இரண்டு சாட்சி, கையில் பொருள், மொழியில் துப்பு. நாற்பது நாளில் நடந்த இத்தனையையும் அன்றே சேர்த்துப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் குடும்பங்கள் இன்றும் கேட்கின்றன.

சேர்த்துப் பார்த்தவர் ஒரு பத்திரிகையாளர். 1980 ஜனவரி 7 அன்று சங்கேய் நாளிதழ், மூன்று ஜோடிகள் மாயமானதன் பின்னால் வெளிநாட்டு உளவு அமைப்பு இருக்கலாம் என்று முதல் பக்கத்தில் எழுதியது. மசாமி அபே என்ற நிருபரின் உழைப்பு அது. மற்ற பத்திரிகைகள் அதைத் தொடரவில்லை. கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட்டார்கள். கேட்கவும் கட்டுக்கதை மாதிரிதான் இருந்தது. ஒரு நாடு இன்னொரு நாட்டின் கரைக்குப் படகு அனுப்பிச் சாதாரண ஆட்களைப் பையில் கட்டிக்கொண்டு போகும் என்றால் யார் நம்புவார்கள்? அதனால் அந்த நாட்டுக்கு என்ன லாபம்?

லாபம் என்னவென்று 1987-ல் தெரிந்தது. நவம்பர் 29 அன்று பாக்தாத்திலிருந்து சியோலுக்குப் போய்க்கொண்டிருந்த கொரியன் ஏர் 858 விமானம் அந்தமான் கடலுக்கு மேலே வெடித்தது. 115 பேர் இறந்தார்கள். குண்டு வைத்துவிட்டு வழியில் இறங்கிய இருவர் ஜப்பானியக் கடவுச்சீட்டு வைத்திருந்தார்கள், அப்பாவும் மகளும் என்று சொல்லிக்கொண்டார்கள். பஹ்ரைனில் பிடிபட்டதும் இருவரும் விஷம் கடித்தார்கள். பெண் பிழைத்துக்கொண்டாள். கிம் ஹியோன்-ஹுய் என்ற அந்த வட கொரிய ஏஜென்ட் சியோலில் வாக்குமூலம் கொடுத்தபோது, தனக்கு ஜப்பானிய மொழியும் நடை உடை பாவனையும் சொல்லிக்கொடுத்தவர் கடத்திவரப்பட்ட ஒரு ஜப்பானியப் பெண் என்றாள். அந்த ஆசிரியை, 1978-ல் இரண்டு சின்னக் குழந்தைகளை விட்டுவிட்டுக் காணாமல் போன யாயெகோ தகுச்சி என்று ஜப்பான் போலீஸ் 1991-ல் உறுதிசெய்தது.

ஜப்பானியக் கடவுச்சீட்டு இருந்தால் உலகத்தில் பாதி நாட்டுக் கதவு கேள்வி கேட்காமல் திறக்கும். ஆனால் சீட்டை நீட்டுகிறவருக்கு மொழி பிசகக் கூடாது. அதனால் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். சில பேரை அவர்களுடைய அடையாளத்துக்காகவே கொண்டுபோனார்கள். ஒசாகாவில் சமையல்காரராக இருந்த ஒருவரை 1980-ல் கடத்திவிட்டு, அவர் பெயரிலேயே ஒரு வட கொரிய ஏஜென்ட் பல வருடம் உலாவினான். பின்னாளில் வட கொரியத் தலைவரான கிம் ஜோங்-இல் உளவு வேலைகளைத் தன் கைக்குள் கொண்டுவந்தது 1970களின் நடுப்பகுதியில். 1978-ல் தென் கொரிய நடிகை சோய் உன்-ஹுய்யை ஹாங்காங்கிலிருந்து கடத்தியதும், அவரைத் தேடிப்போன இயக்குநர் ஷின் சாங்-ஓக் சிக்கியதும், மக்காவிலிருந்து ஒரு தாய்லாந்துப் பெண் மறைந்ததும் அந்தக் காலத்தில்தான்.

சரி, 13 வயதுப் பெண்ணை வைத்து என்ன மொழிப் பயிற்சி? அந்த வயதில் யாரையும் குறிவைத்திருக்க வாய்ப்பில்லை. கரையில் வேறு வேலையாக வந்தவர்கள் எதிர்ப்பட்டவளை இருட்டில் பெரிய பெண் என்று நினைத்துத் தூக்கியிருக்கலாம், அல்லது தங்களைப் பார்த்துவிட்டாள் என்று தூக்கியிருக்கலாம் என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். வட கொரியாவிலிருந்து தப்பிவந்த முன்னாள் ஏஜென்ட் அன் மியோங்-ஜின், படகின் அடித்தட்டில் அடைபட்ட சிறுமி கதவைப் பிறாண்டியதில் விரல் நகங்கள் பிய்ந்துவிட்டன என்று தன் பயிற்சியாளர் சொன்னதாகச் சொல்லியிருக்கிறார். கேள்விப்பட்டதைச் சொன்னவரின் சாட்சி அது. அந்த எச்சரிக்கையோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1988 மார்ச் 26 அன்று ஜப்பான் நாடாளுமன்றத்தில் அமைச்சர் செய்ரோகு கஜியாமா, அந்த ஜோடிகள் விஷயத்தில் வட கொரியா மேல் வலுவான சந்தேகம் இருப்பதாகச் சொன்னார். அரசின் முதல் ஒப்புதல் அது. கேள்வி கேட்டவர் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் என்பது ஒரு வேடிக்கை. மறுநாள் பெரிய பத்திரிகைகள் பலவற்றில் அது செய்தியாகவே வரவில்லை. வட கொரியத் தலைநகரான பியோங்யாங்கோடு உறவை இயல்பாக்க வேண்டும் என்ற ஆசை ஆளும் கட்சிக்கும் இருந்தது, சோசலிஸ்டுகளுக்கும் இருந்தது. 1990-ல் இரு கட்சிகளின் மூத்த தலைவர்களும் சேர்ந்து பியோங்யாங் போனார்கள், இந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிறகு பஞ்ச நிவாரணமாக அரிசி போனது. பேச்சுவார்த்தை கெட்டுவிடுமோ என்ற கவலையில் காணாமல் போனவர்கள் காத்திருக்க வேண்டியதாயிற்று.

மெகுமியின் பெயர் இந்தக் கணக்குக்குள் வந்தது 1997 தொடக்கத்தில். பேட்மிண்டன் பயிற்சி முடிந்து வரும்போது கடத்தப்பட்ட ஒரு சிறுமி வட கொரியாவில் இருக்கிறாள் என்ற தகவல் ஒரு சிற்றிதழ் வழியாக நீகாட்டாவை எட்டியது. அப்போது யோகோட்டா வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்தது. பெயரையும் படத்தையும் வெளியிடலாமா? வெளியிட்டால் ஆதாரத்தை அழிக்க அவளைக் கொன்றுவிடுவார்கள் என்று சாகியேவும் மகன்களும் பயந்தார்கள். பெயர் சொல்லாமல் "ஒய்" என்ற எழுத்தோடு நிறுத்தினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், இன்னொரு இருபது வருடம் போய்விடும் என்றார் ஷிகேரு. கடைசியில் அவர் பேச்சே நின்றது. பெயர் வெளிவந்தது, மார்ச்சில் குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தன. மகள் காணாமல் போவதற்கு முதல் நாள் ஷிகேருவின் பிறந்தநாள். அன்று அவள் பரிசாகக் கொடுத்த சீப்பைப் பல பத்தாண்டுகள் கூடவே வைத்திருந்தவர் அவர். தெருத்தெருவாகக் கையெழுத்து வாங்கியதில் அந்த மென்மையான வங்கி அதிகாரியின் முகம் ஜப்பான் முழுக்கப் பழகிவிட்டது.

2002 செப்டம்பர் 17. பிரதமர் ஜுனிச்சிரோ கொய்சுமி பியோங்யாங் போனார். கிம் ஜோங்-இல் ஒப்புக்கொண்டார், மன்னிப்பும் கேட்டார். சிறப்பு அமைப்புகளைச் சேர்ந்த சிலர் வீர சாகச வெறியில் செய்தது, அவர்களைத் தண்டித்தாகிவிட்டது என்றார். கடத்தியது 13 பேரை, அதில் எட்டுப் பேர் இறந்துவிட்டார்கள், ஐந்து பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று கணக்குக் கொடுத்தார்கள். டோக்கியோவில் காத்திருந்த குடும்பங்களை ஒவ்வொன்றாக அறைக்குள் அழைத்துச் சொன்னார்கள். மெகுமி இறந்தவர் பட்டியலில் இருந்தாள்.

சாதாரண வழக்காக இருந்தால் இத்துடன் முடிந்திருக்கும். குற்றவாளி ஒப்புக்கொண்டான், பாதிக்கப்பட்டவர் இறந்துவிட்டார். ஆனால் வட கொரியா கொடுத்த காகிதங்களைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இறந்ததாகச் சொல்லப்பட்டவர்களில் பலருடைய கல்லறைகள் வெள்ளத்தில் அடித்துப்போயின. கரி அடுப்புப் புகை, கார் விபத்து, இருபதுகளில் மாரடைப்பு என்று காரணங்கள். ககோஷிமா இளைஞர் கடலில் குளிக்கும்போது இறந்துபோனாராம். அவருக்கு நீச்சலே தெரியாது, கடலில் இறங்குகிறவரே இல்லை என்கிறது குடும்பம். மெகுமி 1993 மார்ச்சில் தற்கொலை செய்துகொண்டார் என்றார்கள். பிறகு ஜப்பானுக்குத் திரும்பிவந்தவர்களோ 1994-லும் அவளைப் பார்த்தோம் என்றார்கள். உடனே தேதி 1994 ஏப்ரலுக்கு மாறியது. 2004 நவம்பரில் அவளுடைய அஸ்தி என்று ஒன்றைக் கொடுத்தார்கள். ஜப்பானில் மரபணுச் சோதனை செய்து, அது வேறு ஆட்களுடையது என்று அரசு அறிவித்தது. எரிந்த எலும்பில் பிறர் கைபட்ட மரபணு கலந்திருக்கவும் வாய்ப்புண்டு, முடிவு அறுதியானது இல்லை என்று சோதித்தவரே ஓர் அறிவியல் இதழிடம் சொன்னதும் பதிவில் இருக்கிறது. ஆக, அந்த அஸ்தி அவள் இறந்ததையும் நிரூபிக்கவில்லை, இருப்பதையும் நிரூபிக்கவில்லை.

பெற்றோர் நம்ப மறுப்பதைப் பாசத்தின் பிடிவாதம் என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேதியை மாற்றி எழுதித் தருகிறவர் கையில்தான் எல்லா ஆதாரமும் இருக்கிறது. அங்கே போய்த் தோண்டவோ, மருத்துவமனைப் பதிவேட்டைப் புரட்டவோ, அக்கம்பக்கத்தில் விசாரிக்கவோ வெளியாருக்கு வழி இல்லை. அந்த நிலையில் நம்பாமல் இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

உயிரோடிருந்த ஐந்து பேர் 2002 அக்டோபர் 15 அன்று விமானத்திலிருந்து இறங்கினார்கள். ஒபாமா ஜோடி, கஷிவசாகி ஜோடி, சாடோவின் ஹிட்டோமி சோகா. இரண்டு வாரம் ஊரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்பது பேச்சு. ஜப்பான் திருப்பி அனுப்பவில்லை. பிள்ளைகள் அங்கே மாட்டிக்கொண்டார்கள், 2004-ல்தான் வந்து சேர்ந்தார்கள். இரண்டு ஜோடிகளின் பிள்ளைகளும் தங்கள் அப்பா அம்மா ஜப்பானியர் என்பதே தெரியாமல் வளர்ந்தவர்கள். சோகாவின் கணவர் சார்ல்ஸ் ஜென்கின்ஸ் 1965-ல் எல்லை தாண்டி ஓடிய அமெரிக்கப் படைவீரர். மக்காவில் மறைந்த தாய்லாந்துப் பெண் பியோங்யாங்கில் தன் அண்டை வீட்டில் இருந்தார் என்று அவர் சொல்லித்தான் அந்தக் குடும்பத்துக்கே சேதி தெரிந்தது.

இந்த ஐவரில் சோகாவின் பெயர் ஜப்பான் வைத்திருந்த பட்டியலிலேயே இல்லை. வட கொரியாவே எடுத்துக் கொடுத்த பெயர். ஊரில் அவரையும் அவர் அம்மாவையும் யாரும் கடத்தல் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. அம்மா மியோஷி எங்கே என்று கேட்டதற்கு, அப்படி ஒருவர் தங்கள் நாட்டுக்குள் வரவே இல்லை என்றது பியோங்யாங்.

இதற்குப் பிறகு ஜப்பான் முழுக்கப் பழைய கோப்புகளைத் திறந்தார்கள். எங்கள் பிள்ளையும் இப்படிப் போயிருக்குமோ என்று குடும்பங்கள் வரிசையாக வந்தன. கடத்தலாக இருக்கலாம் என்று ஒதுக்கிவிட முடியாதவை என போலீஸ் சுமார் 870 பேரை இன்றும் பட்டியலில் வைத்திருக்கிறது. அரசு உறுதியாக ஏற்றது 17 பேரைத்தான். அந்த நீண்ட பட்டியலில் இருந்த சிலர் பிறகு ஜப்பானிலேயே கண்டுபிடிக்கப்பட்டார்கள். முன்பு கடத்தலை ஓடிப்போனதாக நினைத்தார்கள், இப்போது ஓடிப்போனவர்களைக் கடத்தலாக நினைக்கிறார்கள். ஒரு பக்கமாகச் சாய்ந்த தராசு மறுபக்கம் சாய்ந்துவிட்டது. இதற்கு விலை கொடுத்தவர்களில் ஜப்பானில் பிறந்து வளர்ந்த கொரியச் சிறுமிகளும் உண்டு. 2002-க்குப் பிறகு பள்ளிச் சீருடையைப் பார்த்தே தெருவில் ஏச்சு வாங்கினார்கள் அவர்கள்.

மெகுமி வட கொரியாவில் திருமணம் செய்துகொண்டு 1987-ல் ஒரு பெண் குழந்தை பெற்றாள். கணவர் கிம் யோங்-நாம் யாரென்று 2006-ல் மரபணுச் சோதனை சொன்னது. 1978-ல், 16 வயதில், தென் கொரியத் தீவுக் கடற்கரையில் காணாமல் போன பள்ளி மாணவர். இதே கதைதான், கடலின் எதிர்க்கரையில் நடந்திருக்கிறது. 28 வருடம் கழித்துத் தாயைச் சந்திக்க அனுமதித்தபோது, சீனியர் பையன்களுக்குப் பயந்து படகில் ஒளிந்து தூங்கிவிட்டேன், அது மிதந்துபோக வட கொரியக் கப்பல் காப்பாற்றியது என்று கேமரா முன் சொன்னார். கூடவே அதிகாரிகள் இருக்கும்போது வேறு எதைச் சொல்ல முடியும்? ஷிகேருவும் சாகியேவும் பேத்தியை 2014 மார்ச்சில் மங்கோலியாவின் உலான்பாதரில் பார்த்தார்கள். பியோங்யாங்குக்கு வரச்சொன்னால் போக மாட்டோம் என்று பல வருடம் மறுத்தவர்கள். மகளின் சாவை ஏற்றுக்கொண்டதாக அது காட்டப்படும் என்ற பயம்.

ஷிகேரு 2020 ஜூனில், 87 வயதில் காலமானார். திரும்பாதவர்களாக அரசு ஏற்றிருக்கும் 12 பேரின் பெற்றோரில் 2025 பிப்ரவரிக்குப் பிறகு எஞ்சியிருப்பது சாகியே ஒருவர்தான். அமைச்சர்கள் கடத்தப்பட்டவர்களை நினைவூட்டும் நீல ரிப்பன் பேட்ஜைக் கோட்டில் குத்திக்கொள்கிறார்கள், ஒவ்வொரு பிரதமரும் இதுவே தன் முதல் கடமை என்கிறார், அமெரிக்க அதிபர்கள் வந்து சாகியேவின் கையைப் பிடிக்கிறார்கள். 2004-க்குப் பிறகு ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள் என்ற அடிப்படையில்தான் பேசுவோம், எல்லோரையும் ஒரே நேரத்தில் அனுப்ப வேண்டும் என்பது ஜப்பானின் நிலை. எட்டுப் பேரைச் செத்தவர் என்று சொல்லிவிட்ட அரசிடம் அதைக் கேட்டால், பொய் சொன்னேன் என்று அது ஒப்புக்கொண்டாக வேண்டும். தார்மிகமாக ஜப்பான் கேட்பது சரி. ஆனால் பேரம் பேச அதில் இடமே இல்லை.

அந்த நிலை எவ்வளவு இறுக்கமானது என்பதற்கு மினோரு டனாகாவின் விஷயத்தைச் சொன்னால் போதும். கோபே நகரத்தில் ராமன் கடையில் வேலை பார்த்தவர். 1978-ல், 28 வயதில், வியன்னா வழியாகக் கூட்டிப்போகப்பட்டார். அரசு ஏற்ற 17 பேரில் ஒருவர். அப்படி யாரும் வரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த வட கொரியா, கடத்தப்பட்டவர்களைப் பற்றி மறுபடி விசாரிப்பதாக ஜப்பானிடம் ஒப்புக்கொண்ட 2014 ஸ்டாக்ஹோம் உடன்பாட்டுக்குப் பிறகு அவர் தங்கள் நாட்டில் உயிரோடு இருப்பதாக ஜப்பானுக்குத் தெரிவித்தது. மற்றவர்களைப் பற்றிப் புதிதாக எதுவும் இல்லாததால் அந்த அறிக்கையை வாங்கிக்கொள்ளவில்லை என்று அப்போதைய வெளியுறவுத் துறைச் செயலர் அகிடாகா சைக்கி 2022-ல் ஒரு நாளிதழ்ப் பேட்டியில் உறுதிசெய்தார். ஒருவரை வாங்கிக்கொண்டால் கோப்பை மூடிவிடுவார்களோ என்ற கணக்கு. டனாகா சிறுவர் காப்பகத்தில் வளர்ந்தவர். ஏன் வாங்கவில்லை என்று அமைச்சகத்தின் வாசலில் வந்து நின்று கேட்க அவருக்கு அப்பாவோ அம்மாவோ இல்லை.